மீதி

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
வாரமாகக் கட்டினால் ஐந்து நாள் மிஞ்சும்,
பத்துப் பத்தாக அடுக்கினால் ஒரு நாள்.
எப்படிப் பிரித்தாலும் ஏதோ ஒன்று
கரையில் நின்றுகொண்டேயிருக்கும்,
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள் நிற்பதைப் போல.

ஐஸ் கம்பெனியில் இந்நாட்களில் எனக்கு வேலை
பாக்கி நோட்டைத் திருப்புவது.
வராத கடனை எத்தனை தரம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?
ஏப்ரல் பதினைந்து காலையில்
அதற்கு வேறொரு கணக்குக் கொடுத்தேன்:
எட்டுக் கோடிச் சொச்சம் இரண்டுகளை
ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண்
பகா எண்ணா, இல்லையா.

எழுதினால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் இலக்கம்.
விநாடிக்கு ஓர் இலக்கமாய் வாசித்தால்
தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்பது மாதம்.
கம்ப்யூட்டருக்கு அதன் பாஷையில் சுலபம்:
ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று,
நடுவில் ஒரு சுழியம் கிடையாது.
பாலத்துத் தூண்கள் கடலுக்குள் போவதுபோல்
போய்க்கொண்டேயிருக்கும்.
மண்டபம் மட்டும் வராது.

கம்ப்ரசர் பார்க்கும் நம்புவேல் கேட்டான்,
"பகா எண்ணுன்னா?"
பாடப்புத்தகம் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
"பதிமூணு நண்டு. எத்தனை பேர் இருந்தா சண்டை வராது?"
"பதிமூணு பேரு."
"அத்தனை பேர் இல்லேன்னா?"
யோசித்தான்.
"நா ஒருத்தன் மட்டும்."

முறை பழசு. நாலில் தொடங்க வேண்டும்.
தன்னால் தன்னைப் பெருக்கி, இரண்டைக் கழித்து,
அந்தப் பெரிய எண்ணால் வகுத்து
மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
மறுபடி பெருக்கி, மறுபடி கழித்து,
எட்டுக் கோடி தரம்.
கடைசியில் மீதி சுழியமானால் பகா எண்.
மீதி இல்லாதது எப்படி
வகுபடாததற்குச் சாட்சியாகும்?
காரணம் இருக்கிறது.
பாதிவரை படித்தேன், அதற்குள் மார்ச் கணக்கு வந்துவிட்டது.

மே மாதம் கச்சான் எழும்பி
உப்பு விசிறிக்குள் ஏறியது.
மூன்று தரம் கரண்ட் போனது.
மூன்று தரமும் விட்ட படியிலிருந்து
முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டது.
காதர் மீரா முதலாளி பில்லை நீட்டினார்:
"ஐஸே உடைக்கல, இது எதுக்குத் தொள்ளாயிரம் கூட?"
"ஓர் எண்ணைப் பிரிக்க முடியுமான்னு பாக்குறேன் முதலாளி."
தம்பிமாரோடு பதினோரு வருஷமாய்
பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்.
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

(அறுபத்தொன்றும் பகா எண்தான்.
அறுபத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால்
அதுவும் பகா எண்.
நூறு வருஷத்துக்கு மேல் பழைய செய்தி.
தடை உத்தரவு போட்டவருக்குத் தெரிந்திருக்காது.)

ஜூன் பதினான்கு சாயங்காலம்.
பெட்டி பெட்டியாய் ஐஸ் இறங்குகிறது,
டோக்கன் எழுதி விரல் விறைத்துவிட்டது.
திரும்பிப் பார்த்தபோது திரையில்
பதினாறு எழுத்தில் ஏதோ ஒரு மீதி.
சுழியம் இல்லை.

"தோத்துருச்சா மேடம்?"
"பிரியும் நம்புவேல். பிரியும்னு மட்டும் தெரியுது.
எதால பிரியும்னு தெரியல."
"அது எப்படி?"
அப்படித்தான். அந்த முறை அதைச் சொல்லாது.
உள்ளே குறைந்தது இரண்டு எண்கள்
ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு இருக்கின்றன.
யாரும் பார்த்ததில்லை.
அவை இருப்பதை ரசீது போலக் கையில் வைத்திருக்கிறேன்,
சரக்கு எந்த வாடியில் என்று தெரியாமல்.

"எங்க போட்டுப் பங்கும் அப்படித்தான் மேடம்"
என்றபடி ஐஸ் உடைக்கும் மிஷினைப் போட்டான்.
அப்புறம் அவன் சொன்னது எதுவும் கேட்கவில்லை.

நள்ளிரவு கழிந்து படகுகள் போயின.
மாடியில் நின்று விளக்குகளை எண்ணினேன்.
எண்பத்து மூன்று.
மறுபடி எண்ணினால் எண்பத்து நான்கு.
ஒரு விளக்கு அலைக்குள் போய்ப் போய் வருகிறது.
மூன்றாம் தரம் எண்ணுவதற்குள்
கீழே போன் அடித்தது.
யாருக்கோ இரண்டு பெட்டி குறைகிறதாம்.